அரசு மருத்துவமனையில் செலவுத்திறன் கணக்கு: டெல்டாவில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

அரசு மருத்துவமனையில் நோயாளி பணம் கட்டுவதில்லை. அதற்காக அங்கே செலவே இல்லை என்று ஆகிவிடாது. ஒரு குப்பி விஷமுறிவு மருந்துக்கும், இரவுப்பணியில் இருக்கும் செவிலியரின் ஒரு மணி நேரத்துக்கும், டயாலிசிஸ் மெஷினுக்கும் மக்கள் வரிப்பணம்தான் போகிறது. அதே பணம் வேறொரு வார்டில் வேறொரு உயிரைக் காப்பாற்றியிருக்கலாம். அடுத்த ரூபாயை எங்கே வைத்தால் அதிக ஆயுளும் ஆரோக்கியமும் கிடைக்கும் என்று கேட்பதுதான் செலவுத்திறன் மதிப்பீடு. இதைச் சிக்கன நடவடிக்கை என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. பல நேரங்களில் விடை 'இங்கே இன்னும் செலவு செய்யுங்கள்' என்றுதான் வரும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரிகளில் சமூக மருத்துவம் படிப்பவர்கள், புள்ளியியல் முடித்துவிட்டு சுகாதாரத் துறைப் பக்கம் வருபவர்கள், மருத்துவமனை நிர்வாகத்தில் இருந்துகொண்டு 'கணக்கு போட்டுக் காட்டுங்கள்' என்று கேட்கப்படுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். எக்செல் தெரிந்தால் தொடங்கிவிடலாம். உதாரணத்துக்குப் பாம்புக்கடியை எடுத்துக்கொள்கிறேன். வயலும் வரப்பும் வைக்கோல் போரும் இருக்கும் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த அவசரம். கிராமத்து உழைப்பாளிகளையே அதிகம் தாக்கும் இதை உலக சுகாதார நிறுவனம் 2017ல்தான் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

முதலில் கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

'பாம்புக்கடி சிகிச்சை செலவுத்திறன் உள்ளதா?' என்று கேட்டால் கணக்கு எங்கும் போகாது. எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்பது வேண்டும். இப்படி எழுதலாம்: வட்ட மருத்துவமனைக்குப் பாம்புக்கடியோடு வருபவர்களில் விஷம் ஏறிய எல்லோருக்கும் முதல் தவணை விஷமுறிவை அங்கேயே கொடுத்துவிட்டுத் தேவைப்பட்டால் ரெஃபர் செய்யும்படி பயிற்சியும் மருந்தும் ஆளும் தருவது ஒரு வழி. சிலருக்குக் கொடுத்தும் சிலரைக் கொடுக்காமலேயே மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியும் நடக்கும் இப்போதைய நிலை இன்னொன்று. இரண்டுக்கும் இடையே கூடுதல் செலவு எவ்வளவு, கூடுதல் ஆயுள் எவ்வளவு? வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஆகும் நேரத்தை நினைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும்.

அப்புறம், யாருடைய பையிலிருந்து போகும் செலவைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். அரசின் செலவு மட்டும் என்றால் கணக்கு சுலபம். ஆனால் 108 ஆம்புலன்ஸும் படுக்கையும் மருந்தும் இலவசமாகக் கிடைத்தாலும், கூட வந்தவர் சாப்பிட வேண்டும், பேருந்தில் போய்வர வேண்டும். நடவு நாளில் ஒரு பெண் வேலைக்குப் போகாமல் கணவரின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தால் அந்தக் கூலி போனது போனதுதான். என் கருத்து: இரண்டு கணக்கையும் போடுங்கள், தனித்தனியாகக் காட்டுங்கள். குடும்பத்தின் செலவை விட்டுவிட்டால், தூரத்து மருத்துவமனை ஒன்றில் எல்லாவற்றையும் குவிப்பதுதான் எப்போதும் மலிவு என்று தோன்றும்.

நோயாளி போகும் வழியை வரையுங்கள்

மாடலைத் திறக்கும் முன் அவசர சிகிச்சைப் பிரிவில் போய் நில்லுங்கள். பாம்புக்கடி என்று ஒருவரைக் கொண்டுவந்தால் என்ன நடக்கிறது? சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் ஓடினால், கண்ணாடிவிரியன் போன்ற பாம்பின் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புத்தூளால் கழுவிய குழாயிலோ இந்தச் சோதனையை நம்ப முடியாது. கட்டுவிரியன் கடித்திருந்தால் ரத்தம் ஒழுங்காகவே உறையும். அங்கே இமை தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும், மூச்சு திணறினால் வென்டிலேட்டர் வேண்டும். விஷம் ஏறியது உறுதியானால் பொதுவாக 10 குப்பி விஷமுறிவு ஏற்றி, 6 மணி நேரம் கழித்து மறுபடி உறைதல் சோதனை செய்கிறார்கள். உறையவில்லை என்றால் மறு தவணை. சிலருக்குச் சிறுநீரகம் பாதித்து டயாலிசிஸ் வரை போகிறது.

இதையெல்லாம் ஒரு பெரிய தாளில் கிளை கிளையாக வரையுங்கள். கடி, விஷம் ஏறியதா இல்லையா, ரத்தத்தைத் தாக்கும் விஷமா நரம்பைத் தாக்குவதா, முதல் தவணை எங்கே, எத்தனை மணிக்கு, ரெஃபரா இல்லையா, டயாலிசிஸ், வென்டிலேட்டர், வீடு திரும்பினாரா இறந்தாரா. இந்தப் படத்துக்குப் பெயர்தான் டிசிஷன் ட்ரீ. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நிகழ்தகவு, ஒவ்வொரு நுனிக்கும் ஒரு செலவும் ஒரு விளைவும் எழுத வேண்டும். ஓரிரு வாரத்தில் முடிந்துவிடும் நோய்க்கு இது போதும். சர்க்கரை நோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு மாதிரி ஆண்டுக்கணக்கில் நிலை மாறிக்கொண்டே போவதற்கு மார்க்கோவ் மாடல் வேண்டும்: நோயாளிகளைச் சில நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றிலும் யார் எந்த நிலைக்குப் போகிறார்கள் என்று கணக்கிடுவது. கடித்தபின் சிறுநீரகம் நிரந்தரமாகக் கெட்டுப்போனவர்களுக்கு மட்டும் மரத்தின் நுனியில் ஒரு சிறிய மார்க்கோவை ஒட்டலாம். முதல் முயற்சியிலேயே பெரிதாக எதையும் கட்டாதீர்கள். படத்தை அந்த வார்டு மருத்துவரிடமும் மூத்த ஸ்டாஃப் நர்ஸிடமும் காட்டி, 'இப்படித்தானே நடக்கிறது?' என்று கேளுங்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு கிளையை அவர்கள் நிச்சயம் சேர்ப்பார்கள்.

அனுமதியும் பதிவேடும்

இந்தக் கணக்கில் வரும் மருத்துவமனைகள் ஒரே இயக்ககத்தின் கீழ் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையிடம், வட்ட மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகளிடம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வித் துறையிடம். நோயாளி மூன்றையும் ஒரே இரவில் தாண்டிவிடுகிறார். நீங்கள் மூன்றிடமும் அனுமதி வாங்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் சேர்த்து இதற்கு நேரம் ஒதுக்கிவிட்டுத் திட்டம் போடுங்கள்.

உண்மையான வேலை பதிவுகளை இணைப்பதில் இருக்கிறது. வட்ட மருத்துவமனை ரிஜிஸ்டரில் 'ரெஃபர்' என்று முடிந்த ஒருவர் மருத்துவக் கல்லூரி கேஸ் ஷீட்டில் வேறு எழுத்துக்கூட்டலில், வேறு இனிஷியலில், ஐந்து வயது கூடவோ குறையவோ இருப்பார். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதிப் பேர் கிடைக்கமாட்டார்கள். ஊர், கடித்த தேதி, கடிபட்ட இடம், அழைத்துவந்தவர் பெயர் என்று நான்கைந்து விவரங்களைச் சேர்த்துப் பொருத்துங்கள். இதைச் செய்யாமல் விட்டால் கணக்கே தலைகீழாகிவிடும். ரெஃபர் செய்யும் மருத்துவமனையில் யாருமே இறப்பதில்லை என்று வரும், எல்லா மரணமும் பெரிய மருத்துவமனையின் தலையில் விழும். பொருத்தி முடித்ததும் பெயரை நீக்கிவிட்டு எண் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காலத்துப் பதிவு என்பதும் முக்கியம். இங்கே பாம்புக்கடி பயிர் வேலையோடு சேர்ந்தே வரும். மேட்டூர் அணை ஜூன் 12ல் திறந்த ஆண்டும் தண்ணீர் தாமதமான ஆண்டும் ஒன்றல்ல. குறுவை, சம்பா அறுவடைகள், மழைக்காலம் எல்லாம் உள்ளே வரும்படி முழு ஆண்டாக எடுங்கள். முடிந்தால் மூன்று ஆண்டு.

செலவைக் கணக்கிடுவது

இரண்டு வழி உண்டு. மேலிருந்து கீழே: மருத்துவமனையின் மொத்த ஆண்டுச் செலவை எடுத்து, நிர்வாகம், சலவை, சமையல், ஆய்வகம் ஆகியவற்றின் செலவைப் படிப்படியாக வார்டுகளுக்குப் பங்கிட்டு, ஒரு படுக்கை நாளுக்கு எவ்வளவு என்று பார்ப்பது. கீழிருந்து மேலே: ஒரு நோயாளிக்கு எத்தனை குப்பி, எத்தனை சோதனை, எத்தனை நிமிடம் மருத்துவர், எத்தனை மணி நேரம் செவிலியர் என்று எண்ணிக் கூட்டுவது. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது, மருந்தையும் சோதனையையும் கீழிருந்து எண்ணுங்கள், படுக்கை நாளை மேலிருந்து பிரித்துக்கொள்ளுங்கள்.

மருந்து விலைக்குக் கடைவிலையை எழுதக்கூடாது. 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக வாங்குகிறது. அதன் கொள்முதல் விலையே உங்கள் விலை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் உண்டு. மாவட்டக் கிடங்கிலிருந்து எந்த மருந்து எவ்வளவு எடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். மருந்தாளுநரிடம் பொறுமையாக உட்கார்ந்து அதைப் பார்த்தால், கேஸ் ஷீட்டில் எழுதிய குப்பிகளின் கூட்டுத்தொகை அதோடு ஒத்துப்போகிறதா என்றும் சரிபார்க்கலாம். காப்பீட்டுத் திட்டத்தின் பேக்கேஜ் தொகையைச் செலவு என்று எடுத்துக்கொள்வது பலர் செய்யும் தவறு. அது திட்டம் கொடுக்கும் விலை, சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவு வேறு.

அரசு மருத்துவமனைச் செலவில் சம்பளம்தான் பொதுவாகப் பெரும்பங்கு. அதனால் ஊழியர் நேரத்தை அலட்சியமாக மதிப்பிட்டால் மற்ற எண்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. கருவிகளுக்கு வேறொரு கவனம் வேண்டும். 10 லட்ச ரூபாய் வென்டிலேட்டர் 10 ஆண்டு உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 1 லட்சம் என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பணம் முடங்கிக் கிடப்பதற்கும் விலை உண்டு. 3% வட்டியில் 10 ஆண்டுக்கான ஆண்டுத்தவணை காரணி (முழு விலையை வட்டியோடு சமமான ஆண்டுத் தவணைகளாகப் பிரிக்க உதவும் எண்) 8.53. 10 லட்சத்தை அதால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 1,17,000 ரூபாய்.

விளைவை எதில் அளப்பது

காப்பாற்றிய உயிர்களை எண்ணலாம். ஆனால் 25 வயதுக்காரரின் மரணத்தைத் தடுப்பதும் 75 வயதுக்காரரின் மரணத்தைத் தடுப்பதும் ஒரே எண்ணாகிவிடும், விரலை இழந்து பிழைத்தவரும் முழுதாகப் பிழைத்தவரும் ஒன்றாகிவிடுவார்கள். அதனால் வாழும் ஆண்டுகளை அந்த வாழ்க்கையின் தரத்தால் பெருக்குகிறார்கள். தரம் கூட்டிய ஆயுள் ஆண்டு என்பது இதுதான், 'குவாலி' என்று பேச்சில் சொல்வார்கள். தரத்தை அளக்க இக்யூ-5டி என்ற சிறிய கேள்வித்தாள் உண்டு: நடமாட்டம், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, மனக்கவலை என்று ஐந்து கேள்வி. இந்தியர்களின் மதிப்பீட்டில் உருவான எண் அட்டவணை இப்போது இருக்கிறது. இங்கிலாந்து அட்டவணையை எடுத்துப் போட வேண்டிய தேவை இல்லை.

புள்ளியியல் எங்கே தடுக்கும்

முதல் தடை, செலவின் வடிவம். பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்புவார்கள். கட்டுவிரியன் கடித்து இரண்டு வாரம் வென்டிலேட்டரில் இருந்த ஒருவரின் செலவு அவர்களைப்போல் பல மடங்கு. சராசரியைவிட இடைநிலைதான் நியாயம் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். இங்கே சராசரிதான் வேண்டும். ஏனென்றால் நிர்வாகம் கட்ட வேண்டியது மொத்தத் தொகை, அது சராசரியை நோயாளி எண்ணிக்கையால் பெருக்கினால்தான் வரும். அந்த ஒருவரை விதிவிலக்கு என்று நீக்கவும் கூடாது. ரிக்ரஷன் போடும்போது, சிலரின் செலவு மட்டும் மிக உயர்ந்திருக்கும் இந்த வடிவத்துக்குப் பொருந்தும்படி, காமா பரவலும் லாக் இணைப்பும் உள்ள பொதுமைப்படுத்திய நேரியல் மாடலைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது தடை இதைவிட ஆபத்தானது. கேஸ் ஷீட்டுகளை அப்படியே மாடலில் போட்டால், அதிகக் குப்பி ஏற்றியவர்கள் அதிகம் இறந்தார்கள் என்று வரும். மருந்து கொன்றது என்று அர்த்தமல்ல. விஷம் அதிகம் ஏறியவர்களுக்கு மருந்தும் அதிகம் போனது. மருத்துவக் கல்லூரியில் இறப்பு விகிதம் வட்ட மருத்துவமனையைவிட அதிகமாக இருப்பதற்கும் இதே காரணம்தான், மோசமானவர்களைத்தானே அங்கே அனுப்புகிறார்கள். கடித்ததிலிருந்து ஊசி போட்டதுவரை ஆன நேரம், வரும்போது ரத்தம் உறைந்ததா, இமை தொங்கியதா, வயது, சிறுநீர் அளவு ஆகியவற்றை மாடலில் சேர்த்தே ஒப்பிட வேண்டும். பதிவேட்டில் கடித்த நேரம் எழுதப்படவில்லை என்றால், என் பார்வையில், முதலில் அதை எழுத வைக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட்டு ஆறு மாதம் கழித்து மாடலுக்கு வாருங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கீழே வரும் எண்கள் பழகுவதற்காக நான் வைத்துக்கொண்டவை, எந்த மருத்துவமனையின் எண்ணும் அல்ல. விஷம் ஏறிய 100 பேர் ஓராண்டில் வருகிறார்கள். இப்போதைய முறையில் 8 பேர் இறக்கிறார்கள், 15 பேருக்கு டயாலிசிஸ். புதிய முறையில் 6 பேர் இறக்கிறார்கள், 10 பேருக்கு டயாலிசிஸ். புதிய முறைக்கு ஆண்டுக்கு 6,00,000 ரூபாய் கூடுதல் செலவு. ஒருவருக்கு டயாலிசிஸ் முடிய 40,000 ஆகிறது என்றால் 5 பேருக்கு 2,00,000 மிச்சம். நிகரக் கூடுதல் செலவு 4,00,000.

தப்பிய 2 பேரும் இன்னும் 35 ஆண்டு வாழ்வார்கள் என்று கொள்வோம். பின்னால் வரும் பயனுக்கு இன்றைய பயனைவிட மதிப்பு குறைவு என்று எதிர்கால ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 3% கழிவு போட்டால் ஒருவருக்கு 35 ஆண்டு என்பது 21.5 ஆகிறது. இருவருக்கும் 43. வாழ்க்கைத் தரம் 0.9 என்றால் 38.7 குவாலி. 4,00,000ஐ 38.7ஆல் வகுத்தால் ஒரு குவாலிக்குச் சுமார் 10,300 ரூபாய். கூடுதல் செலவைக் கூடுதல் பயனால் வகுத்துக் கிடைக்கும் இந்த எண்ணைத்தான் 'ஐசர்' என்கிறார்கள்.

இது அதிகமா குறைவா? இந்தியாவில் இத்தகைய மதிப்பீடுகள் பெரும்பாலும் ஓராண்டின் தனிநபர் உள்நாட்டு உற்பத்தியை வரம்பாக வைத்துக்கொள்கின்றன. அது இப்போது 2 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்த அளவுகோலில் இந்தத் திட்டம் மிக மலிவு. வரம்புக்குள் வந்துவிட்டதாலேயே அரசு கட்டாயம் செய்ய வேண்டும் என்று ஆகிவிடாது, பணம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

இந்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள்

பலரின் அறிக்கை இங்கேயே முடிந்துவிடுகிறது. எனக்கு இதற்கப்புறம் வருவதுதான் முக்கியம். ஒவ்வோர் எண்ணையும் மாற்றிப் பாருங்கள். டயாலிசிஸ் மிச்சம் ஒரு ரூபாய்கூட இல்லை என்று வைத்தாலும் ஒரு குவாலிக்கு 15,500 ரூபாய்தான் ஆகிறது. முடிவு அசையவில்லை. இறப்புக் குறைவு 2க்குப் பதில் 0.2 என்று வைத்தால் 1,00,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஆக, நீங்கள் வாரக்கணக்கில் மல்லுக்கட்டிய டயாலிசிஸ் விலையைவிட, இறப்பு எண் எவ்வளவு நம்பகமானது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அது எவ்வளவு நம்பகமானது? 100ல் 8, 100ல் 6 என்பது சிறிய வித்தியாசம். தற்செயலாகவே வரலாம். இதை மாடலுக்குள் கொண்டுவர, இறப்பு நிகழ்தகவுகளுக்கு பீட்டா பரவல் கொடுங்கள்: பழைய முறைக்கு 8, 92 (இறந்தவர், பிழைத்தவர்); புதியதற்கு 6, 94. செலவுகளுக்கு காமா. இவற்றிலிருந்து சீரற்ற எண்களை எடுத்து முழுக் கணக்கையும் சில ஆயிரம் தடவை ஓட்டுங்கள். எக்செல்லிலேயே செய்யலாம். ஆர் மென்பொருளில் ஹீமாட் போன்ற தொகுப்புகள் இலவசம். ஓட்டிப் பார்த்தால், 10ல் ஏறக்குறைய 7 தடவைதான் புதிய முறையில் இறப்பு குறைகிறது, மீதி 3 தடவை கூடுகிறது. ஒற்றை ஐசர் எண் இதை மறைத்துவிட்டிருந்தது. அதே விகிதங்கள் மூன்று ஆண்டில் 300 பேர் வீதம் கிடைத்தால் 10ல் 8ஐத் தாண்டும். இன்னோர் ஆண்டு பதிவு சேர்ப்பது எவ்வளவு பெறும் என்று நிர்வாகத்துக்குச் சொல்ல இதைவிடத் தெளிவான வழி கிடையாது. இறப்பு கூடும் ஓட்டங்களில் ஐசர் எதிர்மறையாகி அர்த்தம் குழம்பும். அதனால் பயனை வரம்பால் பெருக்கிச் செலவைக் கழித்து, நிகரப் பணப்பயன் கூடுதலா குறைவா என்று எண்ணுங்கள்.

மருத்துவமனைகளை ஒன்றோடொன்று ஒப்பிடச் சொன்னால்

இது அடுத்து வரும் கோரிக்கை. தரவு உறை பகுப்பாய்வு, எல்லைச் சார்பு மாடல் என்று இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒரே மாதிரி படுக்கையும் ஆளும் இருந்து யார் அதிகம் செய்கிறார்கள் என்று அவை காட்டும். டெல்டா மாவட்டங்களின் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் எண்ணிக்கை சிறியது. அதில் உள்ளீடும் (படுக்கை, ஆள் போன்றவை) வெளியீடும் (பார்த்த நோயாளிகள் போன்றவை) நிறையச் சேர்த்தால் எல்லாமே திறன் மிக்கவை என்று வந்துவிடும். உள்ளீடு வெளியீடு இரண்டையும் கூட்டிய எண்ணிக்கையைப்போல் மும்மடங்கு மருத்துவமனைகளாவது வேண்டும் என்பது ஒரு நடைமுறை விதி. பிரசவமும் குழந்தைகளும் பார்க்கும் தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனையைப் பொது மருத்துவமனை ஒன்றோடு படுக்கைக் கணக்கில் ஒப்பிடுவதிலும் நியாயம் இல்லை.

அறிக்கை

டீனும் இணை இயக்குநரும் படிக்கும் பகுதி இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். முதல் பக்கத்தில் கேள்வி, விடை, அந்த விடையை மாற்றக்கூடிய எண் எது. இரண்டாம் பக்கத்தில், முதல் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டுவரை எந்தத் தலைப்பின்கீழ் எத்தனை லட்சம் தேவை என்ற பட்டியல். குவாலி மலிவாகக் கிடைக்கும் திட்டமும் முதல் ஆண்டில் கையில் பணமில்லாமல் நின்றுபோகும் என்பதால் இந்தப் பட்டியலைத் தவிர்க்க வேண்டாம். விரிவான பகுதிக்கு இத்தகைய மதிப்பீட்டு அறிக்கைகளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும், 28 அம்சங்கள் கொண்ட சியர்ஸ் 2022 சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு எழுதுங்கள். எக்செல் கோப்பில் எந்தக் கட்டத்தின் எண் எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது என்று பக்கத்துக் கட்டத்திலேயே குறித்து, அந்தக் கோப்பை மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த ஆண்டு மருந்து விலை மாறும்போது அவர்களே எண்ணை மாற்றி ஓட்டிக்கொள்வார்கள்.